நாயின் வயிற்றில் பூச்சி எங்கிருந்து வருகிறது?

“எங்கள் நாய் வீட்டை விட்டு வெளியே சுற்றுவதே இல்லை. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. காய்ச்சிய பாலும் தயிர்ச் சோறுமே அதற்கு ஆகாரம். அப்படியிருக்க அதன் வயிற்றில் பூச்சி எங்கிருந்து வரும்?” தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பெரும்பாலோர் இதற்கு விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. தம் நாய்க்குப் பூச்சி இருக்கவே முடியாது என்று சாதிப்பதற்காகவே கேட்கிறார்கள். நாம் அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறது என்று சற்றே ஆராய்வோம். ஏனெனில், எந்த நாய்க்கு அபாயம் அதிகம், எதற்குக் குறைவு என்பதெல்லாம் அந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது. வீட்டிலே தவழும் குழந்தை இருக்குமாயின், அது நாயை மட்டும் பொறுத்த விஷயமும் அன்று.

பூச்சி என்று நாம் வழக்கில் சொன்னாலும் இவை புழு இனங்களே. நம் நாட்டு நாய்களிடம் பெரிதும் காணப்படுபவை உருளைப் புழு, கொக்கிப் புழு, நாடாப் புழு ஆகியன. வெல்லம் தின்றால் பூச்சி விழும், பால் அதிகமானால் பூச்சி வைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்வதை நாய்க்கும் பொருத்திப் பேசுவோர் உண்டு. ஆகாரம் புழுவாக மாறுவது இல்லை. நாயின் குடலில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் எங்கோ ஒரு பிராணியின் உடலிலிருந்து முட்டையாகவோ இளம்புழுவாகவோ புறப்பட்டு வந்ததே ஆகும். அது வந்த வழி எது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, பலரும் எண்ணிப் பாராதது, தாயின் வயிறு. உருளைப் புழுவின் முட்டையை வயது முதிர்ந்த நாய் ஒன்று மண்ணோடு விழுங்கினால், அம்முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு பெரும்பாலும் குடலில் தங்கிப் பெருப்பதில்லை. அது உடலுக்குள் ஊடுருவித் தசைகளிலும் பிற உறுப்புகளிலும் புகுந்து உறங்கத் தொடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாய்க்கு ஒரு துன்பமும் இல்லை. மலத்தைச் சோதித்தாலும் ஒன்றும் தென்படாது. அந்த நாய் பெட்டையாக இருந்து சினைப்பட்டால், சினையின் பிற்பகுதியில் இந்த இளம்புழுக்கள் விழித்தெழுகின்றன. நச்சுக்கொடியின் வழியே கருவிலிருக்கும் குட்டிகளின் ஈரலை அடைகின்றன. குட்டி பிறந்தபின் அவை நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்கி, அங்கே முழுப் புழுவாக வளர்கின்றன. கண் திறந்து சில நாட்களே ஆன, மூன்று வாரக் குட்டியின் மலத்திலேயே புழுவின் முட்டைகள் வெளிவரத் தொடங்கிவிடும் என்றால், அக்குட்டி எந்தத் தோட்டத்தில் சுற்றி அதைப் பெற்றிருக்க முடியும்? தாய்ப்பாலின் வழியாகவும் சில புழுக்கள் வருவதுண்டு.

ஆகையால், ‘வெளியே போகாத நாய்’ என்னும் வாதம் குட்டியைப் பொறுத்தவரை தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. உயர்ந்த சாதிக் குட்டி, பெரும் விலை கொடுத்து வாங்கியது என்பதும் இதில் உதவாது. பல பெட்டைகளை ஒரே கொட்டிலில் அடைத்து ஈனச் செய்து விற்கும் இடங்களில், ஒரு தாய் விட்ட முட்டை மற்றொரு தாயின் வயிற்றை அடைவது எளிது. அப்படிப்பட்ட இடத்துக் குட்டிக்கு அபாயம் கூடுதலே தவிரக் குறைவன்று. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் வந்த விதிகள் கூறுகின்றன. ஆனால் முறையான சிகிச்சை 8 வாரத்தில் தொடங்குவது அன்று. குட்டிக்கு 2 வாரம் ஆனதுமே தொடங்கி, 4, 6, 8 வாரங்களில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டுவது. பாலூட்டும் தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். உறங்கும் இளம்புழுவை மருந்து எளிதில் எட்டாது. குடலுக்கு வந்தபின் வந்தபின் வெளியேற்ற வேண்டியிருப்பதால்தான் இத்தனை தவணைகள். குட்டி வாங்கப் போகிறவர், “பூச்சி மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று” என்று விற்பவர் சொல்வதோடு திருப்தியடையாமல், எந்த மருந்து, எந்தெந்தத் தேதிகளில் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. எழுதித் தர மனமில்லாதவர் பெரும்பாலும் கொடுக்கவும் இல்லை என்று நாம் கொள்ளலாம்.

குட்டியின் குடலில் இருக்கும் ஒரு பெண் புழு நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டைகளை இடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மலத்தோடு அப்போதுதான் விழுந்த உருளைப் புழு முட்டை எவரையும் தொற்றாது. அதற்குள்ளே இளம்புழு உருவாக வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உருவானபின் அந்த முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் பெரும்பாலான கழுவு திரவங்களுக்கும் அது அசையாது. அதாவது, கண்ணுக்கு அருவருப்பாய்த் தெரியும் புது மலத்தைவிட, மழையில் கரைந்து மறைந்து சுத்தமாகத் தோன்றும் பழைய இடமே அபாயமானது. அன்றன்று மலத்தை எடுத்து அப்புறப்படுத்துகிறவர் முட்டைகள் பக்குவமடையும் முன்னே அவற்றை அகற்றிவிடுகிறார். ஒரு காகிதமும் ஒரு பையும் செய்யும் இவ்வேலையைப் பிறகு எந்த மருந்தாலும் செய்ய முடியாது.

குழந்தைகளுக்கு இதனால் நேரக்கூடியதை உலகம் அறிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்னும் அம்மையார், நோயுற்றதால் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து வந்தார். அவற்றுட் பல, புற்றுநோய் என்று ஐயுற்று எடுக்கப்பட்டவை. உள்ளே அவர் கண்டதோ நூல் போன்ற இளம்புழுவின் அடையாளங்கள். 1952இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பால் பீவர் என்பாரும் உடன் ஆய்ந்தவர்களும், ஈரல் வீங்கி நோயுற்ற குழந்தைகளின் உடலில் நாயின் உருளைப் புழுவே இளம்புழுவாய் அலைகிறது என்பதை நிலைநாட்டினார்கள். மனிதனின் குடலில் அது முழுப் புழுவாக வளர்வதில்லை; வழி தவறிய பயணியைப்போல் ஈரலிலும் நுரையீரலிலும் திரிகிறது; அரிதாகக் கண்ணை அடைந்தால் பார்வையைக் கெடுக்கிறது. இதைச் சொல்லி எவரையும் அச்சுறுத்துவது நம் எண்ணம் இல்லை. தொற்றியவர்களுட் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆயினும் மண்ணளைந்த விரலை வாயில் வைக்கும் வயதுடைய குழந்தைகள் இருக்கும் வீட்டில், குட்டியின் முதல் மூன்று மாதங்களை அசட்டையாகக் கழிப்பது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது வழி மண். மூன்றாவது மாடி நாயும் காலையும் மாலையும் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? அது இறங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: குடியிருப்பின் பின்புறப் புல்தரை, அல்லது தெருமுனைப் பூங்காவின் ஓரம். அதே இடத்திற்குத்தான் மற்ற வீட்டு நாய்களும் வருகின்றன, தெரு நாய்களும் வருகின்றன. நாய்க்கு மோப்பம் பிடித்த இடத்திலேயே மறுபடியும் கழிவது இயல்பு. எனவே நகரத்து நாய்க்குக் கிடைக்கும் சிறு மண்பரப்பு, கிராமத்து நாய் திரியும் பரந்த வயல்வெளியைவிட அசுத்தம் செறிந்ததாக இருக்கலாம். ஊரில் நாய் கட்டவிழ்ந்து திரிந்தது, இங்கே சங்கிலியில் போகிறது, ஆகவே இங்கே அபாயம் குறைவு என்று நினைப்பவர்கள் இதைக் கருத வேண்டும்.

மண் என்றால் எல்லா ஊர் மண்ணும் ஒன்றா? அன்று. இது பற்றி நம் போன்றோருக்குப் பயன்படும் ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. தில்லி, மும்பை, சிக்கிம், லடாக் ஆகிய நான்கு இடங்களில் தெரு நாய்களும் காப்பக நாய்களுமாக 411 நாய்களின் மலத்தைச் சோதித்தார்கள். சிக்கிமில் 71.3 சதவீதமும், மும்பையில் 48.8 சதவீதமும், தில்லியில் 39.1 சதவீதமும் கொக்கிப் புழு உடையவையாக இருந்தன. மேனாட்டு நூல்களில் விரிவாகப் பேசப்படும் சாட்டைப் புழு அந்த ஆய்வில் தென்படவே இல்லை. இவை வீட்டு நாய்களின் கணக்கு அன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் வீட்டு நாய் மோந்து நடக்கும் மண், தெரு நாய் நடந்த மண்ணே என்பதையும் மறக்கலாகாது.

சிக்கிமுக்கும் தில்லிக்கும் இத்தனை வேறுபாடு ஏன்? கொக்கிப் புழுவின் முட்டை உருளைப் புழு முட்டையைப் போல் கவசம் பூண்டது அன்று. அது மண்ணில் விரைவில் பொரிந்து, இளம்புழு வெளியே வந்து, ஈரமான நிழலான இடத்தில் புல்லின் அடியிலும் மண்ணின் மேலும் காத்துக் கிடக்கிறது. வெயிலில் காய்ந்தால் மடியும், உறைபனியிலும் பிழைக்காது. மழையும் நிழலும் மிகுந்த சிக்கிமும், நான்கு மாத மழைக்காலமுடைய மும்பையும் அதற்கு ஏற்ற இடங்கள். லடாக்கின் வறண்ட குளிரில் வெளி மண்ணை நம்பி வாழும் புழுக்கள் பின்தங்கி, வேறு பிராணியின் உடலுக்குள் பாதுகாப்பாய் வளரும் புழுக்களே முன்னின்றன. தில்லி நாய்களிடம் காணப்பட்ட கொக்கிப் புழு ஓரினமே. கோடையின் வறட்சியை நாயின் தசைக்குள் உறங்கியே கழித்துவிடக் கூடிய இனம் அது. ஆதலின்தான் அங்கும் நிலைத்திருக்கிறது என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் கருத்து. உறங்கிய புழு குட்டிகள் பிறந்ததும் தாய்ப்பாலின் வழியே அவற்றைச் சேர்கிறது. கொக்கிப் புழு குடலின் சுவரைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சுவது. பால் குடிக்கும் சிறு குட்டி சில நாட்களில் வெளுத்துத் துவண்டு இறந்துபோவதும் உண்டு. ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் இரண்டு மூன்று வாரத்தில் மடிகின்றன, திருஷ்டி பட்டுவிட்டது என்று சொல்லப்படும் வீடுகளில் தாயின் பாலையும் ஐயுற வேண்டும்.

மும்பையிலும் சிக்கிமிலும் இன்னோர் இனமும் கூடக் காணப்பட்டது. 1911ஆம் ஆண்டில் ஆர்தர் லூஸ் என்பார் இலங்கையில் ஒரு புனுகுப் பூனையின் உடலிலிருந்து கண்டு எழுதியதால், அதன் பெயரிலேயே ‘சிலோன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற நாய்க் கொக்கிப் புழுக்களிலிருந்து இதற்கு ஒரு வேறுபாடு: இது மனிதனின் குடலிலும் முழுப் புழுவாக வளர்ந்து ரத்தம் உறிஞ்ச வல்லது. மற்றவை பெரும்பாலும் மனிதனின் தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக நெளிந்து அரிப்பை உண்டாக்குவதோடு நின்றுவிடும். இரு வகையும் நுழையும் வழி வெறுங்கால். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வரும் நம் வழக்கம் இவ்வகையில் மிகச் சிறந்தது. செருப்பில் ஒட்டிய மண் வீட்டுக்குள் ஏறாது. ஆனால் அதே பழக்கத்தில் காலைப் பனியில் வெறுங்காலோடு புல்லில் நடப்பதை உடலுக்கு நல்லதென்று கொள்வோரும் நம்மிடையே உளர். நாய்கள் வரும் பூங்காவில் மழைக்காலத்தில் அது வேண்டாம்.

மூன்றாவது வழி வாய். நாம் சைவராக இருப்பதால் நம் நாயும் சைவமாகிவிடுவதில்லை. உலா அழைத்துச் செல்ல அமர்த்தப்பட்ட ஆள் கறிக்கடை வாயிலில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் அது என்ன தின்றது என்பதை நாம் அறிய மாட்டோம். பாசத்தினால் பச்சை ஈரலும் குடலும் வாங்கிப் போடுவோரும் உண்டு. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகளாக வளரும் ஒரு நாடாப் புழு, அவ்வுறுப்பைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் முழுமையடைகிறது. அந்தப் புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. நாய்க்கு அதனால் துன்பம் தெரிவதில்லை. அதன் முட்டை மனிதன் வாயில் புகுந்தால் மனிதனின் ஈரலில் அதே நீர்க்கட்டி பல ஆண்டுகளில் வளர்ந்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய் விடக்கூடும். மேற்சொன்ன ஆய்வில் லடாக் நாய்களில் 2.3 சதவீதத்திடம் இது இருந்தது. நன்றாக வேகவைத்த இறைச்சியில் இந்த அபாயம் இல்லை. நாய்க்குப் பச்சை இறைச்சியே இயற்கை உணவு என்று அண்மைக் காலத்தில் பெருநகரங்களில் பரவி வரும் கொள்கையை நாம் ஏற்கவில்லை.

வேறொரு நாடாப் புழு தெள்ளுப்பூச்சியின் வழியே வருகிறது. உண்ணியையும் தெள்ளையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். தோலைக் கவ்விக்கொண்டு ஓரிடத்தில் இருப்பது உண்ணி. மயிருக்கிடையே ஓடித் துள்ளுவது தெள்ளு. தெள்ளின் புழுப்பருவம் விரிப்பின் அடியிலும் படுக்கையின் மடிப்பிலும் வாழ்ந்து, அங்கே விழுந்த நாடாப் புழு முட்டையைத் தின்கிறது. வளர்ந்தபின் நாயின்மேல் ஏறுகிறது. அரிப்புத் தாங்காமல் நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளும் உள்ளே போய்விடுகிறது. அதனுள்ளே இருந்த புழுவும் போய்விடுகிறது. நாயின் பின்புறத்திலோ படுக்கையிலோ வெள்ளரி விதை போன்ற, காய்ந்தால் அரிசி போன்ற துணுக்குகள் கிடந்தால் அவை இந்தப் புழுவின் கண்டங்கள். “மருந்து கொடுத்தும் மாதா மாதம் வருகிறதே” என்று குறைப்படுபவர் பலர். மருந்தின் குற்றம் அன்று. தெள்ளை விட்டுவைத்ததன் பலன். வெளியே போகாத நாய்க்கும் இது வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெள்ளுக்கு மின்தூக்கி வேண்டியதில்லை.

தோற்றத்தைக் கண்டு முடிவு செய்வது இவ்விஷயத்தில் பெரும்பாலும் பொய்த்துப் போகும். வயிறு உப்பி மயிர் மங்கிய குட்டியைக் கண்டால் ஐயம் தோன்றுவது நியாயமே. ஆனால் மினுமினுக்கும் உடலும் நல்ல பசியும் உடைய நாய் நாள்தோறும் முட்டைகளை உதிர்த்துக்கொண்டிருக்கலாம். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்தால் பூச்சி என்பது நம் நாட்டில் வேதவாக்கு. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசனவாயின் பக்கத்தில் உள்ள சுரப்பிப் பைகள் அடைபடுவதே. வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுப்பதால் இப்புழுக்கள் ஒழியும் என்று நம்பியிருக்க இடமில்லை. பூண்டு கொடுப்பதோ தீங்கே செய்யும். வெங்காய இனம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பது. கொக்கிப் புழுவினால் ஏற்கெனவே ரத்தம் இழந்த குட்டிக்குப் பூண்டைக் கொடுப்பது என்ன விளைவைத் தரும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். நமக்கென வாங்கிய மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் கொடுப்பதும் வேண்டாம். நாயின் எடையைக் கொண்டு அளவை வகுப்பவர் கால்நடை மருத்துவர். எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்பதும் அவர் அறிவார். உருளைப் புழுவுக்குரிய மருந்து நாடாப் புழுவைத் தொடாமல் விடுவதும் உண்டு.

மலச் சோதனை கடினமானது அன்று. சிறிதளவு மலத்தை மிகச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். கொண்டு செல்வது அன்று காலையில் எடுத்ததாக, மண் படாததாக, மூடிய குப்பியில் இருக்க வேண்டும். தரையில் நெடுநேரம் கிடந்ததில் மண்ணில் வாழும் வேறு புழுக்கள் சேர்ந்து குழப்பும். நாடாப் புழு இச்சோதனையில் தப்பிவிடுவது வழக்கமாதலால், கண்டம் எதையாவது கண்டால் அதையும் தனியே எடுத்துச் செல்வது நலம். நாய் வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து என்பது பொதுவான கணக்கு. பூங்காவில் நாள்தோறும் திரிகிற நாய்க்கும், மழை மிகுந்த ஊரில் உள்ள நாய்க்கும் அதைவிட நெருக்கமாகத் தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்பதற்கு, நாய் எங்கே நடக்கிறது, எதைத் தின்கிறது, தெள்ளு உண்டா, வீட்டில் எத்தனை வயதுக் குழந்தை இருக்கிறது என்னும் செய்திகளே ஆதாரம்.

கோடை விடுமுறையில் நம்மவர் ஊருக்குப் புறப்படும் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாயை விடுதியில் விட்டுச் செல்கிறவர்கள், அங்கே எத்தனை நாய்கள் ஒரே முற்றத்தைப் பயன்படுத்துகின்றன, அதை எப்போது கழுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு விட வேண்டும். நெருக்கமான விடுதிகளில் புழுவைவிட நுண்ணிய ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி தண்ணீரின் வழியே விரைந்து பரவும். அதற்கு மண்ணில் பக்குவமடையும் காலமும் தேவையில்லை. உடன் அழைத்துச் செல்கிறவர்களுடைய நாயோ, ஊரில் கொல்லையிலும் தெருவிலும் இரண்டு வாரம் கட்டவிழ்ந்து மகிழ்ந்து திரிந்துவிட்டு வருகிறது. திரும்பிய மறுநாளே மலத்தைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று கேட்டு நிம்மதி அடைவதில் பொருளில்லை. ஊரில் நுழைந்த கொக்கிப் புழு வளர்ந்து முட்டையிட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உருளைப் புழுவுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகும். ரயிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஐந்து வாரம் எண்ணி, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று காலையில் குப்பியை எடுத்துச் செல்ல வேண்டும்.